முத்திரை யார் பெட்டியில்? சீன உச்ச மக்கள் நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதிபதிகளுக்கு,

வணக்கம். சென்னை பாரிமுனையில் ஃபேன்சி சாமான் மொத்த வியாபாரம் செய்பவன் நான். சரக்கெடுக்க உங்கள் நாட்டு யிவூ மொத்தச் சந்தைக்குப் பல வருஷமாக வந்துபோகிறேன். அங்கே நொடித்துப்போன ஒரு கம்பெனியில் என் முன்பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, கடன் கொடுத்தவன் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன்.

தீர்ப்பான பிறகும் கடனைக் கட்டாதவர்கள் ஆடம்பரச் செலவு செய்யக் கூடாது என்று 2010இல் விதி கொண்டுவந்தீர்கள், 2015இல் இறுக்கினீர்கள். விமானம் கூடாது, 'ஜி' வரிசை அதிவேக ரயிலில் எந்த இருக்கையும் கூடாது, நட்சத்திர ஹோட்டல், கோல்ஃப், பிள்ளைகளுக்கு அதிகக் கட்டணத் தனியார் பள்ளி எதுவும் கூடாது. கடனாளி கம்பெனி என்றால் அதன் சட்டப் பிரதிநிதிக்கும் (கம்பெனி சார்பில் பொறுப்பேற்பவர் என்று பதிவில் பெயர் இருப்பவர்), பின்னாலிருந்து நடத்துபவருக்கும் இதே தடை. நல்ல விதி. செக் திரும்பிய கேஸுக்கு வருஷக்கணக்கில் வாய்தா வாய்தாவாக அலைகிற எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. 2019இல் ஸ்மார்ட்டிசன் போன் கம்பெனியின் லுவோ யோங்ஹாவ் மேலேயே ஆணை பாய்ந்தது. தொடங்கியவரும் அவர், சட்டப் பிரதிநிதியும் அவர்; அதில் குழப்பமில்லை.

என் குழப்பம் ஒரு டிரைவரைப் பற்றியது. விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துவருகிற அவர்தான் காகிதத்தில், என் முன்பணம் மாட்டிய கம்பெனியின் சட்டப் பிரதிநிதியாம். முதலாளி கையெழுத்துக் கேட்டார், போட்டிருக்கிறார். எங்கள் ஊரில் இதற்குப் பினாமி என்று பெயர். அம்மா இறந்த சேதி கேட்டு அதிவேக ரயிலுக்கு டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் தன்மேல் தடை இருப்பதே அவருக்குத் தெரிந்தது. பழைய பச்சை ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நெருங்கிய உறவினர் சாவு, வைத்தியம் போன்றவற்றுக்குத் மனு கொடுத்தால் தடையை ஒரு மாதம்வரை நீக்கிவைக்கலாம் என்று 2019 டிசம்பரில் ஓர் ஆவணத்தில் நீங்களே சொன்னீர்கள். சாவுச் சேதி வந்தவன் மனு எழுதிக்கொண்டா இருப்பான்? பிரதிநிதி மாறிவிட்டால், பழையவர் தான் உண்மையான முதலாளி இல்லை என்று நிரூபித்து விடுபடலாம் என்பதும் அதே ஆவணத்தில்தான். மாற்றுவது யார்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கம்பெனிச் சட்டம், பிரதிநிதி விலகினால் 30 நாளுக்குள் வேறு ஆளை நியமிக்கச் சொல்கிறது. ஷட்டர் இறக்கிய கம்பெனியில் யார் உட்கார்ந்து நியமிப்பது?

ஆணை போடும் முன் கேளுங்கள்: கம்பெனியின் சிவப்பு முத்திரை யார் பெட்டியில் இருந்தது? உங்கள் நாட்டில் கையெழுத்தைவிட அதற்குத்தானே மதிப்பு. வங்கிக் கணக்கை இயக்கியது யார், இவர் என்ன வேலைக்குச் சம்பளம் வாங்கினார் என்றும் பாருங்கள். நிரூபிக்கிற பாரத்தை டிரைவர் தலையில் ஏற்றாதீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவதால் என் முன்பணமும் வரவில்லை.

போன முறை குவாங்சோ கண்காட்சிக்கு வந்திருந்தேன். வேறொரு கம்பெனியின் ஸ்டாலில் அதே முதலாளி. காலையில்தான் விமானத்தில் வந்திறங்கினாராம். சிரித்துக்கொண்டே கார்டு நீட்டினார். பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்று போட்டிருந்தது.

இப்படிக்கு,
பாரிமுனை வியாபாரி ஒருவன்