வீடு கொடுத்தும் ஏன் திரும்பிப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அடையாறு, கூவம் கரைகளைச் சீரமைப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்குச் சென்னையின் தெற்கு ஓரத்தில் பெரும்பாக்கத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் வீடு கொடுத்த பிறகும், பலர் அதை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள், இவர்களை என்னதான் செய்வது என்கிற தொனியில் நடுவில் ஒரு வரி இருந்தது. நான் பெரும்பாக்கத்தில் இருக்கிறேன். வேலை பார்த்த வீட்டில் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கி, உங்கள் பத்திரிகையைப் படிக்கப் பழகியவள். அதனால் அந்த வரி ரொம்பவே சுட்டது.

ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று கட்டுரையாளர் எங்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். வேலை அங்கேதான் இருக்கிறது, அதனால் போகிறார்கள்.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரத்திலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் மந்தைவெளியில் வீட்டு வேலை செய்தேன். காலை ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசலைத் தெளித்துக் கோலம் போட வேண்டும். நடந்தே போய்விடுவேன். இடையில் வந்து மகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். இங்கிருந்து அந்த ஆறு மணியை எப்படிப் பிடிப்பது? அந்த வீட்டம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார், பிறகு வேறு ஆள் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் போனது சம்பளம் மட்டுமா? பள்ளி திறக்கிற மாதம் முன்பணம் கொடுத்ததும், மகளுக்குக் காய்ச்சல் என்றால் தெரிந்த டாக்டருக்கு போன் போட்டதும் அவர்தான். என் வீட்டுக்காரர் பெயின்டர். வேலை நடக்கிற இடத்திலேயே படுத்துக்கொண்டு வாரக் கடைசியில் வருவார். பெண்பிள்ளை வைத்திருக்கிறவள் அப்படிப் படுக்க முடியுமா? ஒரே இடமாற்றம்தான், ஆணுக்கு அது தூரம், எனக்கு அது வேலையே போன கதை.

லிஃப்ட் பற்றியும் எழுதியிருந்தீர்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பக்கத்து வீட்டுப் பையன்கள் ஆறாவது மாடியிலிருந்து படி படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் சுவரில் இடிக்க, அவர் கைப்பிடிக் கம்பியை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் பட்டினப்பாக்கம் மாதிரி இடங்களில் ஊருக்குள்ளேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு முடிந்தது என்றால், எங்களுக்கு மட்டும் ஊருக்குள் வீடு கொடுக்க ஏன் முடியாமல் போயிற்று? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாக எல்லோரையும் ஒரே பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே பெரும்பாலும் பட்டியல் சாதிக் குடும்பங்கள்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே சேரி வைத்தார்கள், இந்தக் காலத்தில் அதையே திட்டம் போட்டு, வரைபடம் வரைந்து செய்கிறார்கள். விலாசத்தைப் பார்த்ததுமே எங்கள் பிள்ளைகளின் வேலை விண்ணப்பத்தை ஓரம் வைக்கிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்ற அணியில் கண்ணகி நகர்ப் பெண் இருந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எங்கள் பக்கம் வந்தன. சந்தோஷமாக இருந்தது. மற்ற நாட்களிலும் வரலாமே ஐயா.

நீர்நிலையைக் காப்பாற்ற எங்களை எடுத்தார்கள் என்கிறது கட்டுரை. சரி. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுத்தானே பறக்கும் ரயில் ஓடுகிறது? கரையோரக் குடிசை மட்டும்தான் தண்ணீரை மறித்ததா? கொண்டுவந்து வைத்த இடமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டித்தான். 2015-ல் செம்மஞ்சேரி மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருக்களிலும் தண்ணீர் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்துக்குப் பக்கத்திலேயே குடிவைத்ததை உங்கள் கட்டுரையாளர் எழுதவில்லை.

இப்போது ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு ஐ.டி. கம்பெனியில் கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய உதவி, அதை மறக்கவில்லை. ஆனால் விடிவதற்கு முன்னால் கிளம்புகிற எங்களுக்கு அந்தச் சாதாரணக் கட்டண பஸ் சரியாகக் கிடைப்பதில்லை. காசு கொடுத்து டீலக்ஸில் ஏறுகிறோம், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போகிறோம். ராத்திரி திரும்பும்போது பஸ் நிறுத்தத்திலிருந்து பிளாக் வரைக்கும் பாதி விளக்கு எரிவதில்லை. மகள் வருகிற நேரத்துக்கு நான் கீழே இறங்கிப் போய் நிற்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அதிகாலை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர், சென்ட்ரல் பக்கம் கூடுதலாகச் சாதாரண பஸ் விட வேண்டும், அந்தத் தெருவிளக்குகளைச் சரிசெய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் எழுதுங்கள். நாங்கள் கொடுத்த மனுக்களைவிட அதற்கு மதிப்பு அதிகம். அந்தக் கட்டுரையாளரும் ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வரட்டும். வருகிற தேதியை முன்கூட்டிச் சொன்னால் பேசுவதற்கு ஆட்களை நானே திரட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரும்பாக்கம், சென்னை.
(பெயர் வெளியிட வேண்டாம்)