இரண்டு நாய் குரைத்தால்

அன்புள்ள ஐயாவுக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு இருக்கிற டைப் 1 இனிப்புநீர் (நீரிழிவு) பாப்பாவுக்கும் வருமா என்று முன்னாலேயே காட்டுகிற ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று மருமகள் கேட்டதற்கு, "தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்றாயாமே. அவளாகச் சொல்லவில்லை, நான்தான் துருவிக் கேட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. பட்டர்வொர்த் வீட்டில் திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தாய். இவ்வளவு பெரிய பையன் இப்படியா என்று திட்டினேன். ஒருநாள் காலை, துவைக்கப் போட்டிருந்த போர்வையில் எறும்பு. வேறெங்கும் இல்லை, அந்த ஈரம் பட்ட இடத்தில் மட்டும் கறுப்பாக அப்பிக்கிடந்தது. உன் பாட்டி இருந்திருந்தால் பார்த்த உடனே "இனிப்புநீர்" என்றிருப்பார். எனக்கு உறைக்கவில்லை. அது வயசானவர்களுக்கு வருவது என்றே நினைத்திருந்தேன். அப்புறம் வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் இரவு நீ மூச்சிரைத்த விதமும், வாயில் அடித்த அழுகின பழ வாசனையும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தாய்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான்: "தினமும் மைலோ கொடுத்தீங்களா?" நானும் என்னால்தான் என்று நம்பினேன். சீனி டப்பாவைத் தூக்கி அலமாரி மேல் ஒளித்து வைத்தேன்.

சில வாரம் கழித்து ரத்த முடிவு வந்தது. ஜி.ஏ.டி. ஆன்டிபாடி, அதாவது உடம்பு தன் புரதத்துக்கே எதிராக உண்டாக்குகிற ஒரு பொருள், இருக்கிறது என்றார் டாக்டரம்மா. உடம்பைக் காக்கவேண்டிய வெள்ளை அணுக்களே திரும்பி, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழிக்கின்றன என்று விளக்கினார். "அப்போ இந்த ஆன்டிபாடிதான் அழிக்குதா?" என்று கேட்டேன். "இல்லைம்மா, திருடன் வேற. இது குரைக்கிற நாய்" என்றார். சீனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார். வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா, முடிவு மோசமாக்கும் என்று பயந்துபோனார்.

இப்போது மருமகள் படித்துச் சொன்னதில் அந்த நாய்க் கணக்கு இன்னும் தெளிவாகிவிட்டது. முக்கியமான ஆன்டிபாடிகள் நாலு: இன்சுலினுக்கு எதிரானது, ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2, துத்தநாகத்தைக் கடத்தும் புரதத்துக்கு எதிரானது. ஒன்று மட்டும் குரைத்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போகும். இரண்டோ அதற்கு மேலோ குரைத்தால், பத்து வருஷத்துக்குள் நூறு பிள்ளைகளில் சுமார் எழுபது பேருக்கு நோய் வந்துவிடுகிறது. அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட கணக்கு இது. குரைக்க ஆரம்பிக்கும்போது சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும் என்பதுதான் விஷயம்.

அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றில் ஐந்தாறு என்கிறார்கள். அதுவும் வெள்ளைக்கார நாட்டுக் கணக்கு. பாப்பாவுக்கு வராமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது எனக்கும் தெரியும். ஒரு தடவை இல்லை என்று வந்தால் அதோடு முடிந்தது என்றும் இல்லை. இப்போது நாலு வயதில் ஒன்று, ஆறு வயதில் இன்னொன்று எடுத்துப் பார்க்கலாம்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டாயே. டெப்லிசுமாப் என்று ஒரு மருந்தை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. 14 நாள் ஏற்றினால் நோய் வருவது சராசரியாக இரண்டு வருஷம் தள்ளிப்போகிறதாம். அப்போது எட்டு வயதுக்கு மேல்தான் என்றார்கள். எப்படியும் பாப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சு வேண்டாம். நான் கேட்பது வேறு. முன்னாலேயே தெரிந்த பிள்ளைகள், நீ போனது போல மூச்சிரைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது ரொம்பக் குறைவு. அந்த ஒரு ராத்திரியை மருமகள் பார்க்க வேண்டாம் ஐயா.

சனிக்கிழமை ரயிலில் கோலாலம்பூர் வருகிறேன். ரத்தம் எடுக்கும்போது பாப்பா என் மடியில் உட்காரட்டும். நீ தினமும் நாலு தடவை குத்திக்கொள்கிறவன்தான், ஆனால் அவளுக்குக் குத்தும்போது எழுந்து வெளியே போய்விடுவாய்.

அம்மா