50 ஹேர்ட்ஸ் ஒளி: வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பௌதிகவியல் வினாத்தாள் தயாரிப்புக் குழுவினருக்கு,

உயர்தர மாணவர்களுக்காக அண்மையில் தாங்கள் நடத்திய முன்னோடிப் பரீட்சையில், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தில் (செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடும் மின்னோட்டத்தில்) எரியும் இழை மின்குமிழ் காலும் ஒளியின் மீடிறனை, அதாவது அவ்வொளியலை செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை, கேட்டிருந்தீர்கள். புள்ளித்திட்டத்தில் "50 ஹேர்ட்ஸ்" என்று விடையும் தந்திருந்தீர்கள். ஆசிரியர்கள் சுட்டிக்காட்டியும் "புள்ளித்திட்டம் இறுதியானது" என்பதற்கு மேல் மறுமொழி கிடைக்காதபடியால் இதனைப் பகிரங்கமாக எழுதுகிறேன். அவ்விடையை நீக்கி, சரியாக எழுதியோருக்கு உரிய புள்ளியை வழங்குங்கள்.

வெள்ளவத்தையில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் விடைத்தாளைப் பார்த்தேன். "ஒற்றை மீடிறன் இல்லை, இழையின் வெப்பநிலையைப் பொறுத்தது" என்று எழுதியிருக்கிறாள். அவ்வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் பூச்சியம். அதற்கடுத்து நான் கொடுத்த பயிற்சித்தாளில், நன்றாகத் தெரிந்திருந்தும், மின்காந்த அலை வினாவை அவள் தொடவேயில்லை.

தவறு எவ்வழியாக நுழைந்தது என்பது விளங்குகிறது. வானொலி நிலையத்தின் ஏரியலில் 100 மெகாஹேர்ட்ஸ் ஆடலோட்டம் பாய்ந்தால், அங்குள்ள இலத்திரன்கள் அதே மீடிறனில் முன்னும் பின்னும் அசைந்து, 3 மீற்றர் அலைநீளமுள்ள 100 மெகாஹேர்ட்ஸ் அலையை வெளிவிடும். வீட்டு மின்கம்பியும் இதற்கு விலக்கன்று. ஆனால் 50 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 6000 கிலோமீற்றர், ஏறத்தாழப் பூமியின் ஆரை. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை கம்பி இழுத்தாலும் அதில் பத்திலொரு பங்கு தேறாது. ஆகவே வீட்டுக் கம்பி அலையாகக் கதிர்க்கும் சக்தி கணக்கில் எடுக்கத்தக்கதன்று.

மின்குமிழின் ஒளியோ வேறு வழியில் பிறப்பது. ஓட்டம் இழையைச் சூடாக்க, 2500 பாகை செல்சியஸ் அளவிலான அவ்வெப்பத்தில் இழையிலுள்ள மின்னேற்றங்கள் ஒழுங்கின்றி அதிர்ந்து, 400 முதல் 750 இலட்சம் கோடி ஹேர்ட்ஸ் வரையான கட்புல ஒளியையும் அதைவிடப் பெருமளவில், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களையும் காலுகின்றன. ஓட்டம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம் தொடுவதால் ஒளியின் செறிவு செக்கனுக்கு 100 தடவை இலேசாக ஏறி இறங்கும். ஆடலோட்டத்தின் சுவடு அவ்வளவே.

ஓட்டத்தின் மீடிறனே ஒளியின் மீடிறன் என்ற தங்கள் விதிப்படி, மீடிறனே இல்லாத நேரோட்டத்தில் இயங்கும் டோர்ச் லைட் இருட்டைத்தான் பாய்ச்ச வேண்டும். 2022 மின்வெட்டில் அதன் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளுக்கு எழுத்து எப்படித் தெரிந்ததோ, தாங்களே அறிவீர்கள். காரணம் எழுதாத புள்ளித்திட்டத்தை வேதவாக்காகக் கொண்டு, கேள்வி கேட்பவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்கும் வழக்கம் பௌதிகவியலோடு நின்றுவிடுவதுமில்லை. பரீட்சைக் கட்டணத்தைப் பெறும்போது காட்டும் சுறுசுறுப்பில் பாதியையாவது பிழை திருத்தத்தில் காட்டலாகாதா?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. இவ்வினாவுக்கான விடையைத் திருத்தி, திருத்தத்தைக் காரணத்தோடு எழுத்தில் எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்புமாறும், விடைத்தாள்களை மீளப் பார்த்துப் புள்ளிகளை வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உயர்தரப் பரீட்சைக்கு முன் இது நடந்தாக வேண்டும்.

இங்ஙனம்,
பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு