அன்றைக்குப் போனில் சொல்லாதது

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். "101 காய்ச்சலுக்கா நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினீங்க? பீரோவில் போன வருஷத்து ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்குமே" என்று கேட்டாயே, அன்றைக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அக்கறையில் கேட்டாய், தெரியும். ஆனாலும் நீ இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று கீமோ முடிந்து 10-வது நாள். 7-லிருந்து 14 நாளுக்குள்தான் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதிலும் கிருமியோடு மல்லுக்கட்டும் நியூட்ரோஃபில் என்ற வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனாலே ஆபத்து. எனக்கு 200. அப்போது உடம்பில் கிருமி இருந்தாலும் சீழ்கூட வைக்காது, ஏனென்றால் சீழே அந்த அணுக்கள் போராடிச் செத்த மிச்சம்தான். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பாரசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டால்? அதனால்தான் 100.4 தொட்டால் மாத்திரை போடாமல் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். விட்டால் சில மணி நேரத்தில் பிரஷர் விழுந்து உயிருக்கே வினையாகிவிடும்.

போனதும், மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட்டில் ஒன்று, கையில் ஒன்று என்று ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பிப்பெராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக ஏற ஆரம்பித்துவிட்டது.

பீரோவில் இருந்தது அசித்ரோமைசின். என்னை மிரட்டும் கிருமிகளில் பல என் குடலிலேயே குடியிருப்பவை: ஈகோலை, கிளெப்சியெல்லா. கீமோவில் குடலின் உட்சுவர் புண்ணானதும் ரத்தத்துக்குள் நுழைந்துவிடும். அவற்றை அந்த மாத்திரையை நம்பி விட முடியாது. அதைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் கல்ச்சரிலும் கிருமி சிக்காமல் போயிருக்கலாம். கண்டபடி ஆன்டிபயாடிக் போடப் போட, மருந்துக்கு அடங்காத கிருமிதான் உள்ளே பெருகும். மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத கிளெப்சியெல்லா நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெறும் வைரஸ் சளிக்கு எத்தனை தடவை மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கி உனக்கு ஊட்டியிருக்கிறேன்! பாப்பாவுக்கு நீ அப்படிச் செய்யாதே.

பொங்கலுக்கு வாருங்கள், அதற்குள் அணுக்கள் ஏறியிருக்கும். பாப்பாவுக்கு மூக்கு ஒழுகினால் மட்டும் பயணத்தைத் தள்ளிப் போடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த கீமோ 18-ம் தேதி. 25-லிருந்து ஒரு வாரம் ராத்திரியில் போனை சைலண்டில் போடாதே, அப்பா கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

அன்புடன்,
அம்மா