நெட் வராவிட்டால் ஃபார்மட் வேண்டாம், ப்ராக்ஸியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி விடுதியில் நன்றாக ஓடிய மடிக்கணினி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் நெட் இல்லை என்கிறது. அதே வைஃபையில் கைப்பேசி தடையின்றி ஓடுகிறது. இந்த நிலையில் கணினியைக் கடையில் கொடுத்து விண்டோஸை அழித்து மறுபடி போடுவது வீண் செலவு. போகிற போக்கில் ப்ராஜெக்ட் கோப்புகளும் போய்விடும்.

குரோம் திரையைக் கவனியுங்கள். பெரிய எழுத்தில் 'நோ இன்டர்நெட்' என்று இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ப்ராக்ஸி சர்வரில் ஏதோ கோளாறு என்று ஒரு வரி இருக்கும். விஷயம் அந்தச் சின்ன வரியில்தான் இருக்கிறது.

கல்லூரி, அலுவலக வலையமைப்புகள் பலவற்றில் பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே ப்ராக்ஸி சர்வர் நிற்கிறது. நாம் கேட்கும் பக்கத்தை அதுதான் வெளியிலிருந்து வாங்கித் தருகிறது. அதற்காக அந்த சர்வரின் ஐபி முகவரியையும் (வலையமைப்பில் அதன் எண் விலாசம்) போர்ட் எண்ணையும் (அதில் நுழையும் வாசலின் எண்) கணினியில் பதிந்து வைக்கிறோம். ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளானால் வழக்கமான போர்ட் 3128. 8080-ம் புழக்கத்தில் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் பிரவுசர் அந்த முகவரியையே தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே திறக்க ஆளில்லை.

குரோம், எட்ஜ் இரண்டும் விண்டோஸின் அமைப்பையே எடுத்துக்கொள்கின்றன. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'ப்ராக்ஸி', அதில் 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' என்பதை அணைத்தால் போதும். ஃபயர்பாக்ஸில் தனி அமைப்பு உண்டு: செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தின் அடியில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்'. அங்கே 'நோ ப்ராக்ஸி' கொடுத்ததும் பக்கம் திறந்தால் கோளாறு எங்கே என்பது உறுதி.

விடுதிக்குத் திரும்பியதும் ப்ராக்ஸியை மீண்டும் பதிய வேண்டும். ஃபயர்பாக்ஸில் பலர் தவறுவது இங்கேதான். முகவரிக் கட்டத்தில் வெறும் ஐபி மட்டும் வர வேண்டும், முன்னால் 'எச்டிடிபி' சேர்க்கக் கூடாது. எச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) தளங்களுக்கும் இதே ப்ராக்ஸி என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால் அநேகமாக எந்தத் தளமும் திறக்காது, ஏனென்றால் இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்தான். ப்ராக்ஸி தேவைப்படாத, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் முகவரிகளைப் பட்டியலில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி, ஃபயர்பாக்ஸில் காற்புள்ளி. 407 என்ற பிழை வந்தால் ப்ராக்ஸி உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது என்று பொருள்.

யாரும் பதியாமலே 127.0.0.1 என்ற முகவரி அங்கே இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது உங்கள் கணினியையே குறிக்கும். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு மென்பொருள் பிரவுசர் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பியிருக்கிறது. அண்மையில் நிறுவியவற்றைச் சோதித்து நீக்கிவிட்டு, பிறகு ப்ராக்ஸியை அணையுங்கள்.

தடுக்கப்பட்ட தளங்களைத் திறக்க இணையத்தில் கிடைக்கும் இலவச ப்ராக்ஸிகளைப் போடும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டு இல்லாத எச்டிடிபி தளமானால் ப்ராக்ஸி நடத்துபவர் அனைத்தையும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். எச்டிடிபிஎஸ் என்றால் பொதுவாகத் தளத்தின் பெயர் மட்டுமே அவருக்குத் தெரியும். ஆனால் அவர் தரும் சான்றிதழை (அவரை நம்பும்படி கணினிக்குச் சொல்லும் கோப்பு) கணினியில் நிறுவிவிட்டால் அந்தக் காப்பும் போயிற்று. வங்கிக் கடவுச்சொல் வரை அவர் கையில்.

கல்லூரி வலையமைப்பு நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஐபி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, விண்டோஸின் 'செட்டப் ஸ்கிரிப்ட்' இடத்தில் பதியும்படி பிஏசி கோப்பின் (எந்த ப்ராக்ஸி வழியாகப் போவது என்று பிரவுசருக்குச் சொல்லும் கோப்பு) முகவரியைக் கொடுங்கள். அந்தக் கோப்பில் ப்ராக்ஸி முகவரிக்குப் பின் 'டைரக்ட்' என்று சேர்த்துவிட்டால், ப்ராக்ஸி கிடைக்காதபோது பிரவுசர் தானே நேரடி இணைப்புக்குப் போய்விடும். வளாகத்துக்கு வெளியே அந்தக் கோப்பே கிடைக்காவிட்டாலும் பிரவுசர்கள் நேராகவே போகும். விடுமுறைதோறும் மாணவர்கள் எதையும் தொட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பணியாளர்கள்,
திருச்சி.