கார்டில் வெளிநாட்டுச் செலவை ஆன் செய்யும் இடத்திலேயே கட்டணத்தைச் சொல்ல வையுங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களில் ஏறுகிறவர்களை ஒருநாள் வந்து பாருங்கள். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், பேரனைப் பார்க்கப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடன் அடைந்த கையோடு முதல்முறையாக நாலு நாள் ஊர் சுற்றக் கிளம்பும் குடும்பங்கள் என்று நிறையப் பேர் இருப்பார்கள். இவர்கள் பையில் ஒரு டெபிட் கார்டு இருக்கும், பிள்ளைகள் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த ஒரு கிரெடிட் கார்டும் இருக்கும். அந்தக் கார்டை அங்கே நீட்டினால் வங்கி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொன்னதில்லை.

கணக்கை நானே சொல்கிறேன். பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு 'மார்க்அப்' என்று 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம் போடுகின்றன. அந்த மார்க்அப் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். ஒரு சிங்கப்பூர் டாலர் 68 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 டாலருக்கு ஒரு பொருள் வாங்கினால் 34,000 ரூபாய். அதற்கு மேல் மார்க்அப் 1,190, வரி 214, ஆக 1,404 ரூபாய் கூடுதலாகப் போகிறது. நாணயத்தை மாற்றும் வேலையை விசாவும் மாஸ்டர்கார்டும் அவர்களுடைய விலையில் ஏற்கெனவே செய்துவிடுகிறார்கள், அந்த விலையை யார் வேண்டுமானாலும் அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். மார்க்அப் என்பது அதற்கு மேல் வங்கி வைப்பது. 3.5 அதிகம் என்பது என் கருத்து. மார்க்அப்பே இல்லாமலும், 2 சதவீதத்துக்கும்கூட இந்தியாவிலேயே சில வங்கிகள் கார்டு தருகின்றன. சரி, விலையை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த விலையை வாங்குகிறவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும், இல்லையா?

இப்போது எப்படிப் பார்க்கிறோம் தெரியுமா? கார்டைத் தட்டியதும் இத்தனை டாலர் செலவானது என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்டேட்மென்டில் ஒரு ரூபாய்த் தொகை ஏறும். அப்புறம் இன்னும் சில நாள் கழித்து 'டிசி இன்டில் பிஓஎஸ் டிஎக்ஸ்என் மார்க்அப்' என்கிற மாதிரி ஒரு வரியில் தனியாக ஒரு தொகை கழியும், எந்தச் செலவுக்கு என்று அதில் இருக்காது. இப்படி ஒரு ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு என் பெரியம்மா வந்து, "இது யாருடா எடுத்தது, திருட்டா?" என்று கேட்டார். வங்கி எடுத்ததுதான் என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது.

இதைவிடப் பெரிய ஓட்டை கடை மெஷினில் இருக்கிறது. சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் பெரியம்மா கார்டை நீட்டியதும் கல்லாவில் இருந்த பையன், "ரூபாய்ல போடவா அம்மா, சிங்கப்பூர் வெள்ளியில போடவா?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறான். டாலரைத்தான் அங்கே வெள்ளி என்பார்கள். மெஷினில் இரண்டு தொகையும் தெரிகிறது. நமக்குத் தெரிந்த பணம் ரூபாய், அதனால் எல்லோரையும்போல ரூபாய் என்றுதான் அவரும் சொன்னார். ரூபாய் என்று சொன்ன நொடியில் நாணய விலையை வைக்கும் உரிமை கடைப்பக்கத்து வங்கிக்கும் அதற்கு மெஷின் சேவை தரும் கம்பெனிக்கும் போய்விடுகிறது. அவர்கள் வைக்கும் விலை பெரும்பாலும் விசா, மாஸ்டர்கார்டு விலையைவிட நன்றாகவே கூட இருக்கும். சரி, ரூபாயில்தானே கட்டினோம், மார்க்அப்பாவது மிச்சம் என்று நினைத்தால் அதுவும் நிச்சயமில்லை, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த செலவு என்று அதற்கும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் இங்கே இருக்கின்றன. அந்த ஊர்ப் பணத்திலேயே போடுங்கள் என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும், கடைப்பக்கத்து விலை தப்பியிருக்கும், வங்கியின் வழக்கமான மார்க்அப் மட்டும் போயிருக்கும்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வருகிறது, அங்கே இன்னும் மோசம். 'டிக்ளைன் கன்வர்ஷன்', அதாவது ரூபாய்க்கு மாற்ற வேண்டாம் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பணமே வராது என்று பயந்து ஜனங்கள் மற்றதை அழுத்துகிறார்கள். உண்மையில் மறுத்தாலும் பணம் வரும், மாற்று விலையை மட்டும் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நம் கார்டு நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டைப் போட்டால் அந்த ஏடிஎம்மே ஒவ்வொரு முறையும் குறைந்தது 220 பாத் பிடித்துக்கொள்வது வழக்கம். 2,000 பாத் எடுக்கிறவருக்கு அது 11 சதவீதம். அதோடு நம் வங்கியின் ஏடிஎம் கட்டணம், மார்க்அப், வரி. கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் பாதுகாப்பு என்று ஊரில் பழகிய கை, அங்கேயும் தினம் கொஞ்சம் என்று எடுக்கிறது.

இதற்கெல்லாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், வழியை நீங்களே போட்டு வைத்திருக்கிறீர்கள். 2020 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டீர்கள். புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையிலும் மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டுச் செலவு வேண்டுமென்றால் வாடிக்கையாளரே ஆன் செய்ய வேண்டும் என்றீர்கள். அருமையான விதி, எத்தனையோ பேரின் பணத்தை அது காப்பாற்றியிருக்கும். அதனால் இன்று வெளிநாடு போகிறவர்கள் கார்டைத் தயார் செய்ய வங்கிச் செயலியில் இருக்கும் அந்த ஆன்-ஆஃப் சுவிட்சுக்குத்தான் வர வேண்டும், அதுவும் கிளம்புவதற்கு முன்னால், வீட்டில் நிதானமாக உட்கார்ந்திருக்கும்போது. அந்தத் திரையில் இப்போது இருப்பது ஆன், ஆஃப், செலவு வரம்பு, அவ்வளவுதான்.

அங்கே நாலு வரி போட வையுங்கள். இந்தக் கார்டில் 10,000 ரூபாய் மதிப்புக்குச் செலவு செய்தால் கட்டணமும் வரியும் சேர்த்து இத்தனை ரூபாய். ஏடிஎம்மில் ஒருமுறை பணம் எடுத்தால் இத்தனை ரூபாய். கிரெடிட் கார்டாக இருந்தால், ஏடிஎம்மில் எடுக்கும் பணத்துக்கு அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். கடையில் ரூபாயா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு இது தமிழில் வர வேண்டும். கிளைகளில் அறிவிப்புகள் மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களே, இப்போது முக்கால்வாசி வேலை நடப்பது செயலியில்தான்.

செலவு நடந்த பிறகு வரும் எஸ்எம்எஸ்ஸிலும் தோராய ரூபாய்த் தொகையும் மார்க்அப்பும் தனித்தனியாக வரட்டும். முடியாது என்று வங்கிகள் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் போட்ட விதி, அங்குள்ள நாணயங்களுக்கு இடையில் மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் கூட வாங்குகிறார்கள் என்று கடை மெஷினிலும் ஏடிஎம்மிலும் காட்டச் சொல்கிறது, கார்டு கொடுத்த வங்கி செய்தி அனுப்பவும் சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், 2024 பிப்ரவரியில் இலங்கையில் நம் யுபிஐ தொடங்கியது. அங்கே க்யூஆர் ஸ்கேன் செய்தால் ரூபாயில் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பின் நம்பர் போடுகிறோம்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டையும் இந்த விதிக்குள் கொண்டுவாருங்கள். கவுன்டரில் அதை விற்கும்போது மார்க்அப் கிடையாது என்கிறார்கள். டாலரை ஏற்றிக்கொண்டு கொழும்பில் செலவு செய்தால், கார்டில் இலங்கை ரூபாய் இல்லாததால் மறுபடி மாற்றுக் கட்டணம் விழும் என்பதைச் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் 5 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2019 செப்டம்பரில் விதி போட்டீர்கள். அது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். வெளிநாட்டில், தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில், மெஷின் பணத்தை விழுங்கினால் இந்தக் கெடு இல்லை. அங்குள்ள வங்கி பதில் சொல்ல நாளாகும் என்பது புரிகிறது. அதற்காக 30 நாள், 45 நாள் என்று ஒரு கெடு வைக்கலாம், அதுவரை அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்துப் போகிறவருக்கு அந்த 20,000 ரூபாய்தான் பயணத்தின் மீதி நாட்களுக்கான சாப்பாடு.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வங்கி வாடிக்கையாளர்