பாத்திரத்தில் பெயர் வெட்டிய கதை

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய விஷயம், பிசியோதெரபிக்கு மட்டும் டிமிக்கி கொடுக்க விடாதே. இங்கே வெயில்தான், வேலூரில் வேறென்ன புதுசு, காலை எட்டு மணிக்கே ராணிப்பேட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை.

கடிதத்தின் ஓரத்தில் குட்டி எழுத்தில் "வரன் ஏதாவது?" என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

வந்தது. குடியாத்தம் பக்கம், வயது 41, முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தவர். பஜ்ஜி சொஜ்ஜி கூத்து வேண்டாம், வெளியே எங்காவது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் கோட்டைக் கோயில் என்றாள் அம்மா. போய் உட்கார்ந்தது எங்கே தெரியுமா, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில்! யாளி வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கிறது, கீழே நாங்கள் இரண்டு பேரும் சம்பளம், சொந்த ஊர் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் எனக்குப் பிடித்திருந்ததடி. சிரிப்பு வந்தால் சின்னப் பையன் மாதிரி கையால் வாயை மூடிக்கொள்கிறார். அகழி ஓரமாக நடந்து வரும்போது, இவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகலாம் என்றுகூட யோசித்துவிட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் தரகர் போன் பண்ணினார். "பொண்ணு கொஞ்சம் முத்தலா கீதுன்றாங்கம்மா."

அம்மா மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை எப்படிப் பொறுக்குவாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், கட்டைவிரலால் ஒரு அமுக்கு, முத்தலாக இருந்தால் திரும்பக் கூடைக்கே போய்விடும். இரண்டு நாள் அந்தக் கட்டைவிரல்தான் என் கண்ணுக்குள் நின்றது, அழுதேன், ஆபீஸ் பாத்ரூமில் கூட. மூன்றாம் நாள் ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கத்திரிக்காய்க்கே முள்ளோடு சேர்த்து 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், நான் என்ன பாவம் செய்தேன்?

நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, அழகில்லாத பெண்கள் என்று. பத்தாவது படிக்கும்போது பையன்கள் சொல்ல, நீ செருப்பைக் கழற்றினாய். கோயிலுக்கு 1981லேயே சாமி திரும்ப வந்தாயிற்று, 2021 நவம்பரில் பாலாறு கரையை உடைத்துக்கொண்டு ஓடியதையும் பார்த்தாயிற்று. நம் கணக்கை மட்டும் யாரும் திருத்தவில்லை.

எனக்குத் துணை வேண்டும், அதை மறைத்துக்கொண்டு தனிமைதான் சுகம் என்று பேச எனக்கு வராது. காய்ச்சல் வந்த ராத்திரி ஒரு கை நெற்றியில் வேண்டும்தான். அதற்காக, கிடைக்கிறவரைக்கும் நான் ஏதோ காட்பாடி ஜங்ஷனில் வண்டிக்காகப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தேன் பார், அதுதான் இப்போது கசக்கிறது. இத்தனை நாளும் பாய்தான் விரித்துப் படுத்தேன், கட்டில் சீரில் வரும் என்பதால் வீட்டில் வாங்கவே இல்லை. முப்பத்தாறு வயதுடி!

போன வாரம் கட்டில் வாங்கிவிட்டேன். வரன் பார்க்கும் சைட்டில் தம்பி முப்பத்து மூன்று என்று போட்டிருந்த வயதையும் திருத்தினேன், அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசுவான்.

அப்புறம் பரணில் ஏறினேன். 2011ல் அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கி, பழைய புடவையில் சுற்றி வைத்த எவர்சில்வர் பாத்திரங்கள் அப்படியே இருந்தன. எதிலும் பெயர் இல்லை, கல்யாணத்தப்போ ரெண்டு பேர் பெயரும் சேர்த்து வெட்டிக்கலாம் என்று விட்டு வைத்தது. பெரிய தேக்சாவைத் தூக்கிக்கொண்டு லாங்கு பஜாருக்குப் போனேன். அந்தத் தாத்தா மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள பேரு சொல்லும்மா" என்றார். என் பெயர் மட்டும் போதும் என்றேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "தேதி?" இன்றைக்குத் தேதியே போடுங்கள் என்றேன். கர்ரென்று புள்ளி புள்ளியாக என் பெயர் விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

அம்மா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. சாயங்காலம் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள், பெயர் தெரிகிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.

ஆடியில் பிள்ளைகளுக்கு லீவு கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. இரண்டு கிலோ பிரியாணி தாராளமாகப் பிடிக்கும் தேக்சா, தொட்டுக்கொள்ள கத்திரிக்காயும் உண்டு.

உன்,
பழைய மூன்றாவது பெஞ்ச்